காற்றாடிமலைக்குப் போன கால்பந்து அணி

உதயகிரிக் கோட்டைக்குள் டிலனாய் கல்லறைக்கு முன்னால் எங்கள் அணிப் பையன்கள் பதினேழு பேரும் நின்றார்கள். கூரை போய்விட்ட சிற்றாலயம் அது. கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள். வழக்கமாக இவர்களை ஓர் இடத்தில் நிறுத்திவைப்பதே பெரும்பாடு. அன்று யாரும் வாயைத் திறக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நடந்த இறுதி ஆட்டத்தில் பெனால்டி உதைகளில் தோற்றிருந்தோம். எதிரணியினர் உதைத்த நான்கு பந்துகளுக்கும் எங்கள் கோல்கீப்பர் முன்கூட்டியே பாய்ந்துவிட்டான். நான்கும் அவன் பாயாத பக்கமாக உள்ளே போயின. ஆட்டம் முடிந்த கையோடு, மைதானத்தில் வைத்தே, அவன் அப்பா பார்த்துக்கொண்டிருக்க, அவனைத் திட்டியவன் நான். பயிற்சி கொடுப்பவன் செய்யவே கூடாத காரியம். அன்றோடு அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டான். கடற்கரைக்குப் போகும் வழியில்தான் அவன் வீடு. இருந்தும் ஒருவரும் உள்ளே போய் விசாரிக்கவில்லை.

"அண்ணா, எல்லோருமாக ஒருநாள் காற்றாடிமலைக்குப் போய்வருவோமா?" என்று கேட்டது கேப்டன்தான். அந்த மலையில் சுட்டுக் கொல்லப்பட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் திருநாளான ஜனவரி 14 நெருங்கிக்கொண்டிருந்தது. கோல்கீப்பர் வீட்டுக்கு நானே போய்க் கூப்பிட்டேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. விடிகாலையில் வேன் கிளம்பும்போது கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தான்.

பயணத்தை டிலனாய் கல்லறையில் தொடங்கக் காரணம் உண்டு. 1741-ல் எங்கள் கடற்கரையில், குளச்சலில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் தோற்றுச் சிறைப்பட்ட டச்சுப் படைக்காரர் அவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் தளபதியானார். 1777-ல் இறந்து இங்கே அடக்கமானார். அரசுப் பணியில் இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, வீட்டில் ஒன்றன்பின் ஒன்றாக இழப்பு வந்து மனம் உடைந்திருந்த நாள்களில், இந்த டிலனாய்தான் அவருக்கு, விவிலியத்தில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் கதையைச் சொன்னார். அந்தக் கதை பிள்ளையின் நெஞ்சில் தைத்துவிட்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று லாசர் ஆனார்; தமிழில் தேவசகாயம்.

பொறுமைக்கு யோபு என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் அந்த நூலைத் திறந்து படித்தால் யோபு வாய்மூடிக் கிடந்த மனிதர் இல்லை. தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளோடு வழக்காடுகிறார். அத்தனை பேசியும் கடவுளின் முன்னிலையை விட்டு எழுந்து போகவில்லை, அவ்வளவுதான். பையன்களிடம் இதைச் சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்து நண்பர்கள் வரும் இடம். மூன்று நண்பர்கள் வருகிறார்கள். யோபுவின் துயரத்தைப் பார்த்துவிட்டு ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்கூடப் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் வாயைத் திறந்து, தப்பு உன்மேல்தான் என்று தொடங்குகிறார்கள். எனக்கோ அன்று மைதானத்தில் ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. மேலே சொல்ல முடியாமல் வேனுக்கு நடந்தேன்.

புலியூர்க்குறிச்சி பக்கத்திலேயே இருக்கிறது. விசுவாசத்தை விட மறுத்ததற்காகக் கைதாகிச் சங்கிலியோடு இழுத்து வரப்பட்ட தேவசகாயம் தாகத்தால் தவித்துப் பாறையில் முழங்கையால் இடிக்க, தண்ணீர் சுரந்த இடம் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று பெயர். ஆளுக்கொரு கை அள்ளிக் குடித்தோம்.

பெருவிளையில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தோம். இங்கே அவரை ஒரு வேப்ப மரத்தில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டிருந்தார்கள். எருமையின்மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, அடித்த புண்ணில் மிளகாய்ப் பொடி தேய்த்தது எல்லாம் பையன்களுக்குத் திருநாள் பிரசங்கங்களில் கேட்டுப் பழகியவை. இந்த வேப்ப மரம்தான் அவர்களை அசைத்தது. ஓடி ஆடும் வயது, அதனால்தானோ என்னவோ. எங்கள் இடதுபுறத் தடுப்பாட்டக்காரன், "வெயில், மழை எல்லாம் நின்றுகொண்டேவா அண்ணா?" என்று கேட்டுவிட்டு முழங்கால் போட்டான். மற்றவர்களும் போட்டார்கள். ஒரு ஜெபமாலை முழுவதும் சொன்னோம்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அவருடைய கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். 2012 டிசம்பர் 2 அன்று அவருக்கு அருளாளர் பட்டம் தந்த திருப்பலி, நாகர்கோவிலில் கார்மல் பள்ளியின் விளையாட்டு மைதானத்தில்தான் நடந்தது. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். பத்து ஆண்டு கழித்து, 2022 மே 15 அன்று, ரோமில் புனிதர் என்று அறிவித்தார்கள். 1752-ல் சுடப்பட்டவருக்கு 270 ஆண்டு கழித்து. அத்தனை தலைமுறையாக எங்கள் பாட்டிமார் யாருடைய அறிவிப்புக்கும் காத்திராமல் அந்தக் கல்லறையில் வேண்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஆரல்வாய்மொழிக்கு வரும்போது வெயில் சாய்ந்திருந்தது. கணவாய்க் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. தூரத்தில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. வியாகுல அன்னை ஆலயத்தில் வேண்டிவிட்டுப் பாறைகளின் பக்கம் ஏறினோம். சுடுவதற்கு முன் ஜெபிக்க நேரம் கேட்டு அவர் முழந்தாளிட்ட இடம், முழங்கால் பதிந்த தடம் என்று மக்கள் தொட்டுக் கும்பிடும் பாறை இருக்கிறது. கோல்கீப்பர் அங்கே தனியாக உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மக்களே, அன்றைக்கு நான் திட்டியது தப்பு. உன் அப்பாவிடமும் வந்து சொல்கிறேன்."

அவன் பாறையின் குழிவைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தான். வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "முதல் பந்து உள்ளே போனதும் பயம் வந்துவிட்டது அண்ணா. அசையாமல் நின்று கோல் விழுந்தால், சும்மா நின்றான் என்று சொல்வார்கள். பாய்ந்தாலாவது ஏதோ செய்ததுபோல இருக்கும்."

உதைப்பவன் காலைப் பார், கோல் கோட்டிலிருந்து காலை எடுக்காதே, பந்து கிளம்பும்வரை பொறு என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன். பொறுத்து நிற்பவனைச் சும்மா நிற்கிறான் என்று சொல்லும் வாய்களில் என் வாயும் ஒன்று என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

கீழே மணியடிச்சான் பாறையில் பையன்கள் சிறு கல்லால் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உண்மையிலேயே வெண்கல மணியின் ஓசை அது. காற்றிலும் தெளிவாகக் கேட்டது. நாங்கள் இறங்கி வருவதைப் பார்த்ததும் கேப்டன் தன் கையிலிருந்த கல்லை அவனிடம் நீட்டினான். அவன் ஒரே ஒரு தடவை தட்டினான். ஓசை அடங்கும்வரை யாரும் பேசவில்லை.

திரும்பும்போது வேனில் பாட்டுச் சத்தம். கடைசி இருக்கையில் நான்கு பேர் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

திங்கள் மாலை கடற்கரையில் பயிற்சி. நான் போவதற்கு முன்பே கோல்கீப்பர் வந்து, இரண்டு கம்புகளுக்கு நடுவே குதிகாலால் மணலில் கோடு இழுத்துவைத்திருந்தான். கேப்டன் பந்தை வைத்தான். மற்றவர்கள் கம்புக்குப் பின்னால் மணலில் உட்கார்ந்தார்கள். நானும் போய் அவர்களோடு தரையில் உட்கார்ந்துகொண்டேன். அலைச் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லை. கேப்டன் ஓடி வந்தான். கோட்டின்மேல் கோல்கீப்பரின் இடது கால் அப்படியே ஊன்றியிருந்தது.