கருங்கீரியின் வால்

நவம்பர் 23
கூண்டுக் கதவைச் சாத்தியது நான்தான். கருங்கீரி, எங்கள் கிளிமூக்கு விசிறிவால் சேவல், உள்ளே திரும்பிவிட்டான் என்று நினைத்தேன். ஈர்க்குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். இடப்பக்கம் மூன்றாவது இறகு நடுவில் மடிந்து தொங்குகிறது. ஆனி, ஆடியில் உதிர்ந்து, ஒவ்வொரு நாளும் பார்த்துப் பார்த்து வளர்ந்த வால். 58 செ.மீ.

சேவல் கண்காட்சிக்கு 55 நாள்.

நவம்பர் 24
பிடுங்கிவிட்டேன்.

ராத்திரி முழுக்க இதே யோசனை. ஒடிந்ததை அப்படியே விட்டால் அடுத்த உதிர்ப்பு வரை ஒடிந்தபடியேதான் இருக்கும். வேரோடு எடுத்தால் அந்த இடத்தில் உடனே புதுக் குருத்து கிளம்பும். கணக்கு எனக்குத் தெரியும், 55 நாளில் முழுசாக வளராது. தெரிந்தும் பிடுங்கினேன். துணியைப் போர்த்தி மடியில் வைத்து, அடித்தண்டைப் பிடித்து, அது முளைத்த திசையிலேயே ஒரே இழுப்பு. ஒரு சொட்டு ரத்தம். மஞ்சள் வைத்தேன். கத்தவில்லை.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நவம்பர் 25
சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 27
பெட்டையை அடை வைத்தாயிற்று. 11 முட்டை. கருங்கீரிக்கும் அவன் மகளுக்கும் போட்ட சேர்க்கை. மூக்கின் வளைவு குஞ்சுகளிலும் நிலைக்க வேண்டுமென்றால் இரத்தத்தை நெருக்கித்தான் ஆகவேண்டும். நெருக்கினால் நல்லது மட்டும் இரட்டிப்பாகாது, கெட்டதும் சேர்ந்தே வரும். அப்பா போன வருஷமே வேண்டாம் என்றார். அப்போதும் நான் கேட்கவில்லை.

டிசம்பர் 3
தீபம். தெருவில் வெடி. கூண்டைச் சாக்கு போட்டு மூடி, எல்லாச் சத்தமும் அடங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

டிசம்பர் 4
டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று கூமுட்டை. எட்டில் நரம்பு ஓடியிருக்கிறது.

டிசம்பர் 6
குருத்து! அரை செ.மீ. கருநீலமாக, பென்சில் முனை மாதிரி. உள்ளே ரத்தம் ஓடுகிறது, எதிலாவது இடித்தால் கொட்டும். கூண்டிலிருந்த குறுக்குக் கம்பியை எடுத்துவிட்டு மணலை இன்னும் ஒரு கூடை கொட்டினேன்.

டயாலிசிஸ் முடிந்து வந்து சட்டைகூட மாற்றவில்லை, அப்பா கேட்டார்: "முளைச்சிருச்சா?"

பதினோரு நாள் கழித்துப் பேசிய முதல் வார்த்தை.

டிசம்பர் 10
அப்பாவுக்கு இன்று நான்கு மணி நேரம். மிஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அமெரிக்காவில் 1874லேயே ஒவ்வொரு கோழி இனத்துக்கும் இப்படி இப்படி இருக்கவேண்டும் என்று அச்சுப் போட்டுவிட்டார்கள். நம் அசில் அந்தப் புத்தகத்தில் 1981ல் ஏறியது. கிளிமூக்கு விசிறிவாலுக்கு எங்கள் வீட்டில் இருக்கும் புத்தகம் அப்பாதான்.

மேல்மூக்கு கீழ்மூக்கை மூடி இறங்க வேண்டும், ஆனால் இடிக்கக் கூடாது. தடிப்பாக, குட்டையாக, நெற்றியில் இருந்தே வளைவு தொடங்கவேண்டும். பாதியில் வளைந்தால் அது கிளிமூக்கு இல்லை, வளைந்த மூக்கு. கண் வெள்ளைக்கண். குஞ்சில் கறுப்பாகத்தான் இருக்கும், வருஷம் போகப் போகத் தெளியும், அதனால் பொடிசிலேயே கண்ணைப் பார்த்து ஒதுக்காதே. கொண்டைப்பூ சின்னதாக மண்டையோடு ஒட்டி. கழுத்து நீளமாக, அசையும்போது கம்பி மாதிரி. வாலை நீளத்துக்காகப் பார்க்கிறவன் பாதி பார்க்கிறான், அகலத்தைப் பார். நடக்கும்போது இறகுக்கும் இறகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது.

இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் பேனாவை மூடிவிட்டேன்.

டிசம்பர் 13
4 செ.மீ.

எள்ளுப் பிண்ணாக்கு ஊறவைத்துக் கொடுக்கிறேன். இறகு முளைக்கக் கந்தகம் சேர்ந்த புரதம் வேண்டும், எள்ளில் அது அதிகம். கூடவே கருவாட்டுத் தூள், அவித்த முட்டை. எல்லாமே ஆழமான கிண்ணத்தில். இந்த மூக்கால் தரையில் கிடக்கும் தானியத்தைக் கொத்தி எடுப்பது கஷ்டம். நாம் விரும்பிய வளைவுக்கு அவன் கொடுக்கிற விலை. அதனால் ஒரு வேளைகூடத் தவறவிடக் கூடாது.

டிசம்பர் 18
ஏழு குஞ்சு. ஒன்று ஓட்டுக்குள்ளேயே போய்விட்டது.

டிசம்பர் 20
7.5.

நண்பர் ஒருவர் வந்தார். "உதிர்ந்த இறகு வச்சிருப்பியே, அடியில் குச்சி செருகி ஒட்டிரு, யாருக்கும் தெரியாது" என்றார். வைத்திருக்கிறேன். போன உதிர்ப்பில் விழுந்தவை எல்லாம் காலண்டர் தாளில் சுருட்டிப் பரணில் கிடக்கின்றன. அதே இடப்பக்கம், அதே மூன்றாவது. அவனுடைய இறகுதான்.

அவனுடையதுதானே.

டிசம்பர் 22
மேலத் தெருவில் வெள்ளைக்கழிச்சல். இரண்டு வீட்டில் அந்த நோய் வந்து கோழிகள் கழுத்து திருகிச் செத்திருக்கின்றன. கொட்டகை வாசலில் சுண்ணாம்பு போட்டேன். அந்த நண்பரைக் கூட இனி உள்ளே விடுவதில்லை. பெரியவற்றுக்கெல்லாம் போன மாசமே சனிக்கிழமையில் மருந்தகத்துக்குக் கொண்டுபோய் ஊசி போட்டாயிற்று. குஞ்சுகளுக்குத்தான் இன்னும் மூன்று நாள் இருக்கிறது.

டிசம்பர் 25
லசோட்டா, வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. கண்ணில் ஒரு சொட்டு, ஏழுக்கும். மருந்தை ஐஸ் போட்ட தூக்குவாளியில் கொண்டுவந்தேன்.

டிசம்பர் 29
தூக்கமில்லை. ஒரு தும்மல் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்க்கிறேன். எச்சம் பச்சையா, வெள்ளையா, டார்ச் அடித்து அடித்துப் பார்க்கிறேன். அப்பாவும் விழித்திருக்கிறார். இருமுகிறார், நான் எழுகிறேன். நான் எழுந்தால் அவர் "என்னடா" என்கிறார்.

ஜனவரி 1
14.

ஜனவரி 5
மேலத் தெருவில் புதிதாக எதுவும் சாகவில்லை.

ஜனவரி 8
குஞ்சு ஒன்றுக்கு மேல்மூக்கு இடப்பக்கம் சாய்கிறது. நேற்று வரை இல்லை, அல்லது நான் பார்க்க விரும்பவில்லை. கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போகிறது. தீனியை அள்ளுகிறது, பாதி சிந்துகிறது. பிசைந்து விரலில் வைத்துக் கொடுத்தேன், தின்றது. ஏழிலும் இதற்குத்தான் வளைவு நெற்றியிலிருந்தே தொடங்குகிறது. வேண்டாம் என்றார், வேண்டாம் என்றார்.

அப்பாவிடம் காட்டினேன். ரொம்ப நேரம் உள்ளங்கையில் வைத்திருந்தார். "ஆழக் கிண்ணத்துல ஈரத்தீனியாப் போடு. இனத்துக்கு விடாத" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 10
18.5. மற்றவை 58. ஓர் ஓரமாக நின்று பார்த்தால் தெரியவில்லை. நடக்கும்போது தெரிகிறது. வெளிச்சம் தெரிகிறது.

பரணில் இருந்து காலண்டர் தாளை இறக்கினேன். பிரிக்கவில்லை.

ஜனவரி 14
அப்பா கருங்கீரியைக் கொண்டுவரச் சொன்னார். இடது கையில் பாரம் படக்கூடாது, ஊசி ஏறுகிற கை. வலப்பக்கம் தலையணை வைத்து அதன்மேல் உட்காரவைத்தேன். வாலை விரித்து ஒற்றை விரலால் எண்ணினார். இந்தப் பக்கம் ஏழு. அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு. மூன்றாவதில் விரல் நின்றது. அடித்தண்டைத் தடவினார். "இன்னும் குருத்துதான், ரத்தம் ஓடுது" என்றார்.

காலண்டர் தாள் மேசையில் இருந்தது. அவர் அதைப் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"வளர்றது வளரட்டும், விடு."

ஜனவரி 15
பொங்கல். குஞ்சுக்கும் ஒரு பருக்கை.

ஜனவரி 16
தாளை மறுபடி பரணில் வைத்துவிட்டேன். காலைக் கழுவி, மூக்கில் ஒரு துளி நல்லெண்ணெய் தடவித் துடைத்தேன். பெட்டியில் வைக்கோல் பரப்பியாயிற்று, வால் மடியாத நீளம்தானா என்று மூன்று தடவை அளந்தேன்.

ஜனவரி 17
21.

வண்டி வந்துவிட்டது. திண்டுக்கல்லுக்குக் கிளம்பவேண்டும். அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கு டயாலிசிஸ் நாள் என்றேன். சாயங்கால ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டு வாங்கிவிட்டாராம். எப்போது போன் பேசினார் என்று தெரியவில்லை. பெட்டியை மடியில் வைக்கச் சொல்லிக் கை நீட்டுகிறார், வலது கையை.