ஒத்த ராணி, ஒரு டெஸ்ட் டியூப், 53 நாள்

மழை விட்ட மறுநாள் சாயங்காலம் வாசப்படி ஓரமா பெரிய கருப்பு எறும்பு ஒண்ணு தனியா அலைஞ்சிட்டு இருந்துச்சு. பாக்க கட்டெறும்பு மாதிரிதான், ஆனா வயிறு நல்லா உருண்டு, நெஞ்சுப்பகுதி தூக்கலா, அதுல ரெண்டு பக்கமும் இறக்கை உதிர்ந்த தழும்பு. அதப் பாத்ததும் ராணின்னு தெரிஞ்சிடுச்சு. ராணிகளும் ஆண் எறும்புகளும் இறக்கையோட பறந்துபோய் ஜோடி சேரும், ஆண்கள் சீக்கிரமே செத்துடும், ராணி மட்டும் கீழ இறங்கி தன் இறக்கைய தானே ஒடிச்சுப் போட்டுட்டு குடியிருக்க எடம் தேடும். (மழை விட்டா ஈசலும் பறக்கும், அது கரையான். ஈசலுக்கு எறும்பு மாதிரி ஒடுங்கின இடுப்பு இருக்காது, அத வச்சே பிரிச்சிடலாம்.)

ராணிக்கு வேண்டிய வீடு ரொம்ப சின்னது. ஒரு டெஸ்ட் டியூப்ல மூணுல ஒரு பங்கு தண்ணி ஊத்தி, தண்ணியத் தொடுற வரைக்கும் பஞ்சத் தள்ளி அடைச்சு, மிச்ச எடத்துல ராணிய விட்டு, வாயில இன்னொரு பஞ்சு. அந்த ஈரப் பஞ்சுல இருந்து தேவைக்குக் குடிச்சுக்கும். சாப்பாடு வைக்கவே இல்ல. இந்த வகை ராணி, முதல் பிள்ளைங்க வளர்ற வரைக்கும் வெளிய வரவே வராது. இனிமே பறக்கப் போறதில்லையே, அதனால இறக்கைய அசைச்ச அந்த தசையே உடம்புக்குள்ள கரைஞ்சு சத்தாகி, அதுதான் புழுக்களுக்கு ஊட்டுற உணவா வெளிய வருது. இதப் படிச்சிருந்தேன், ஆனா கண்ணு முன்னாடி ஒரு உயிர் அப்படி இருக்கிறதப் பாக்குறப்ப மனசு என்னமோ பண்ணுச்சு. எல்லா வகையும் இப்படி இல்ல, சில வகை ராணி நடுநடுவுல வெளிய வந்து இரை தேடும், அதுக்கு சாப்பாடு வைக்காட்டி செத்துடும், அதனால என்ன வகைன்னு முதல்ல கண்டுபிடிச்சுக்கோங்க.

மூணாவது நாள் நாலு முட்டை. எனக்கு இருப்பே கொள்ளல, ஒரு நாளைக்கு அஞ்சாறு தடவ போன் டார்ச்ச அடிச்சுப் பாத்துட்டே இருந்தேன், ஒவ்வொரு தடவையும் ராணி முட்டைகள வாயில கவ்விக்கிட்டு அங்கயும் இங்கயும் ஓடுச்சு. எட்டாவது நாள் பாத்தா ஒரு முட்டைகூட இல்ல, எல்லாத்தையும் தின்னுடுச்சு. இந்த எடம் பாதுகாப்பில்லன்னு பட்டா ராணி முட்டையத் தின்னு அந்த சத்த திரும்ப உடம்புல சேத்துக்கும். அதுக்கு அப்படித் தோண வச்சது நான்தான். அன்னிக்கு ராத்திரி தூங்க முடியல.

மறுநாள் டியூப்ப துணியில சுத்தி, யாரும் தொடாத அலமாரியோட அடித்தட்டுல ஆடாம வச்சேன். வாரத்துக்கு ஒரே ஒரு தடவ, அதுவும் டார்ச்சுல செவப்பு காகிதம் ஒட்டி, ஏன்னா செவப்பு வெளிச்சம் எறும்பு கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. எறும்பு வளக்கிறதுல கஷ்டமான வேல எதுன்னு கேட்டா இததான் சொல்வேன், பாக்காம இருக்கிறது.

அடுத்த வாரம் பாத்தா திரும்ப முட்டை, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சின்ன குவியலா. பூஞ்சை புடிக்காம இருக்க ராணி அத நக்கிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் புழு, அப்புறம் புழு தன்னச் சுத்தி நூல் நூத்து பழுப்பு கூடு கட்டுச்சு, கூட்டோட ஒரு நுனியில கருப்பா ஒரு புள்ளி, உள்ள போன புழு கடைசியா வெளியேத்தின கழிவு அது. 53ஆவது நாள் துணிய விலக்கினா, ராணி காலடியில வெளிறின நிறத்துல பொடிசா ஒரு வேலைக்கார எறும்பு. ராணிதான் கூட்டக் கடிச்சுத் திறந்து வெளிய எடுத்து விட்டிருக்கணும். முதல் தலைமுறை இப்படித்தான் குட்டியா இருக்கும், இருக்கிற கொஞ்ச சத்த பல பிள்ளைங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கணுமே.

ரெண்டு நாள் கழிச்சு ஒரு துளி சர்க்கரைத் தண்ணிய ஃபாயில் துண்டுல வச்சு உள்ள தள்ளினேன். இப்ப நல்லா கருத்திருந்த அந்த பொடிசு வந்து மீசையால தொட்டுப் பாத்துச்சு, வயிறு உப்புற வரைக்கும் குடிச்சுச்சு, நேரா ராணிகிட்ட போய் வாயோட வாய் வச்சு ஊட்டுச்சு. 55 நாளா வெளிய இருந்து எதுவும் சாப்பிடாம கிடந்த தாய்க்கு முதல் வாய் சாப்பாடு. நான் அழுதுட்டேன்.

இப்ப 14 பேர் இருக்காங்க. புழுவுக்கு புரதம் வேணும்னு மருந்து படாத சின்ன பூச்சிய வெட்டிப் போடுறேன், மிச்சத்த அவங்களே ஒரு மூலையில குப்பையா ஒதுக்கிடுறாங்க. பெரிய கூட்டுக்கு மாத்தலயான்னு கேக்குறாங்க, அவசரமே இல்ல, எடம் ரொம்பப் பெருசா இருந்தா சின்ன கூட்டம் தவிச்சுப் போயிடும், டியூப்ல நெரிசலானதும் பாத்துக்கலாம். லேசியஸ் நைஜர்னு ஒரு கருப்பு எறும்போட ராணி வளப்புல 28 வருஷத்துக்கு மேல வாழ்ந்திருக்கு, அதனால அவசரத்துக்கு இங்க வேலையே கிடையாது.

ஒண்ணு மட்டும் நெனச்சுக்கிட்டே இருக்கேன். பறந்த அந்த நேரத்துல வாங்கின விந்தத்தான் ராணி ஆயுசு முழுக்க சேத்து வச்சு செலவழிக்குது. இந்த 14 பேரும் பொண்ணுங்க, இவங்க அப்பன் அந்த மழையோட போயிட்டான். அடுத்த வாரமும் அவனுக்குப் பொண்ணு பொறக்கும், இன்னும் ஆறு பழுப்பு புழுக்கூடு திறக்காம அப்படியே இருக்கு.