ஷூட்ஸன் ரைபிளும் எண் இல்லாத காகிதமும்

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊருக்கு ஊர் ஷூட்ஸன் சங்கம், அதாவது இலக்கு பார்த்துச் சுடும் போட்டிச் சங்கம், வைத்திருந்தார்கள். 200 கஜ தூரம், நின்றபடி சுட வேண்டும். ஜெர்மன் இலக்கு அட்டையில் 25 வளையங்கள். நடுவளையத்தின் குறுக்களவு ஒன்றரை அங்குலம்தான். இந்த ஆட்டத்துக்காகவே கனத்த குழலும், தோளை அணைக்கும் கொக்கி போட்ட கட்டைமுனையும், உள்ளங்கைத் தாங்கியும் வைத்துச் செய்த ஒற்றைத் தோட்டா ரைபிள்களைத்தான் இன்று சேகரிக்கிறார்கள்: வின்செஸ்டர் 1885, மார்லின் பல்லார்ட், ஸ்டீவன்ஸ் 44½, ரெமிங்டன் ஹெப்பர்ன். முதல் உலகப் போரில் ஜெர்மன் என்ற சொல்லே கசந்துபோக, சங்கங்கள் தேய்ந்தன. ரைபிள்கள் பரணேறின. பரணிலிருந்து இறங்கும்போது கூடவே ஒரு கதையும் இறங்கும்: "இது இன்ன சாம்பியனுடையது." விலை அந்தக் கதைக்குத்தான் ஏறுகிறது. ஆகவே கதையைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

பலரும் முதலில் நீட்டுவது தொழிற்சாலைக் கடிதம், அதாவது தொழிற்சாலையின் பழைய பதிவேட்டைப் பார்த்து எழுதித்தரும் கடிதம். வின்செஸ்டரின் பழைய பதிவேடுகள் வயோமிங் மாநிலம் கோடி (Cody) நகரின் துப்பாக்கி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1885 மாடலுக்கு 1 முதல் 109999 வரையிலான எண்களுக்குப் பதிவு கிடைக்கும். நடுவே விடுபட்ட எண்களும் உண்டு. தோட்டா வகை, குழலின் நீளமும் வடிவமும், விசை, மரக்கட்டையின் தரம், கிடங்குக்கு வந்த நாள், அனுப்பிய நாள், ஆர்டர் எண் எல்லாம் கடிதத்தில் வரும். வாங்கியவர் பெயர் வருவது அபூர்வம். துப்பாக்கி எப்படிப் பிறந்தது என்பதோடு கடிதத்தின் வேலை முடிந்துவிடுகிறது. ஆனாலும் கடிதத்தை உரிமையாளர் சான்று போலச் சட்டம் போட்டு விற்கிறார்கள், வாங்கவும் ஆள் இருக்கிறது. பல்லார்டுக்கும் ஸ்டீவன்ஸுக்கும் அந்தக் கடிதமும் கிடையாது. அங்கே இரும்பும் குடும்பக் காகிதமும்தான் கதி.

கடிதம் கையில் இருந்தால் ரைபிளோடு வரிவரியாக ஒப்பிடுங்கள். சீரியல் எண் கீழ்ப்பக்க வால்தகட்டில், அதாவது இயங்குபகுதியிலிருந்து கட்டையோடு பின்னால் நீளும் இரும்புத் தகட்டில், இருக்கும். உயர்தரக் கட்டை போட்ட வின்செஸ்டர்களில் அதே தகட்டின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொருத்து எண் அடித்திருப்பார்கள். அதே எண் கட்டைக்குள் மேல் வால்தகடு உட்காரும் பள்ளத்திலும், கட்டையின் பின்முனையை மூடும் தகட்டின் உட்புறத்திலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒத்தால் கட்டை பிறவிக் கட்டை. அடுத்தது நீள்வட்டத்துக்குள் WP என்ற எழுத்துகள், அதாவது வின்செஸ்டரின் சோதனை முத்திரை. அது 1905இல்தான் வழக்குக்கு வந்தது. 1893இல் அனுப்பியதாகக் கடிதம் சொல்லும் ரைபிளின் குழலில் அந்த முத்திரை இருந்தால், குழல் பின்னாளில் மாறியிருக்கலாம். பழுதுக்குத் திரும்பி வந்ததாகக் கடிதத்திலேயே குறிப்பு இருந்தால் அது வரலாற்றின் ஒரு பகுதி; இல்லையென்றால் விலையைக் குறையுங்கள்.

இனி குழல் செய்வதில் பேர்போன ஹாரி போப். 1861இல் பிறந்து 1950இல் மறைந்த இவருடைய குழல்களுக்குத்தான் இந்தச் சேகரிப்பு உலகத்தில் அதிக மவுசு, ஆகவே அதிகப் போலியும் இவர் பெயரில்தான். ஹார்ட்ஃபோர்டில் தொடங்கி, 1901இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தில் சேர்ந்து, சில ஆண்டுகளில் விலகினார். சான் பிரான்சிஸ்கோவில் கடை போட்ட கையோடு 1906 நிலநடுக்கம் எல்லாவற்றையும் தின்றது. பிறகு ஜெர்சி நகரில் பல பத்தாண்டுகள். கவனிக்க வேண்டியது: அவர் விலகிய பிறகும் ஸ்டீவன்ஸ் இருவர் பெயரையும் சேர்த்த கூட்டுப் பெயரிலேயே குழல்களை விற்றது. "ஸ்டீவன்ஸ்-போப்" என்ற முத்திரை இருப்பதால் மட்டும் போப் கைபட்ட குழல் என்று ஆகிவிடாது.

முத்திரையை எவரும் அடித்துவிடலாம், குழலுக்குள் சுழன்று ஓடும் பள்ளங்களை அப்படி மாற்ற முடியாது. போப் குழலில் வழக்கமாக 8 பள்ளங்கள், இடப்பக்கச் சுழற்சி, வாயை நெருங்க நெருங்க முறுக்கு கூடும். அக்கால வின்செஸ்டரின் .32-40 தோட்டா வகைக் குழலில் 6 பள்ளங்கள், வலப்பக்கம். தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்துவிட்டு, இறுக்கமான துணி சுற்றிய, பிடி தானாகச் சுழலும் கம்பியைத் தள்ளுங்கள். பிடியருகே கம்பியில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு 4 அங்குலத்துக்கும் கோடு எவ்வளவு திரும்புகிறது என்று குறித்துக்கொண்டால் முறுக்கு கூடுவது தெரிந்துவிடும். 6 பள்ளம் வலப்பக்கம் என்று வந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளலாம். 8 இடப்பக்கம் என்று வந்தால் இன்னும் விசாரிக்கலாம், அவ்வளவுதான்.

அறையின் அளவை எடுக்க செரோசேஃப் என்ற உலோகக் கலவை போதும். 70 முதல் 88 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அறையைத் துடைத்து, எண்ணெய் பெயரளவுக்குத் தடவி, அறை முடிந்து ஓர் அங்குலம் தள்ளித் துணியால் அடைத்து ஊற்றுங்கள். கெட்டியானதும், அரை மணி நேரத்துக்குள், முன்பக்கத்திலிருந்து மெல்லத் தட்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் உப்பிச் சிக்கிக்கொள்ளும். ஊற்றிய ஒரு மணி நேரத்தில் அளந்தால்தான் சரியான அளவு. மறுநாள் அளந்தால் அறை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும், அப்புறம் "யாரோ அறையைக் குடைந்துவிட்டார்கள்" என்று வீண் சந்தேகம்.

போப் முறையில் ஈயக் குண்டு குழல்வாய் வழியே போகும், வெடிமருந்து நிரப்பிய தோட்டாக்கூடு பின்னால் போகும். அதற்குத்தான் ஃபால்ஸ் மஸில் என்கிற பொய்வாய். குழலின் முனையிலிருந்தே வெட்டி, நான்கு முளைகளால் திரும்பப் பொருத்திய துண்டு அது. ஒரே நிலையில்தான் உட்காரும். உட்கார்ந்தபின் வெளிச்சத்தில் பாருங்கள்: பள்ளங்கள் இணைப்பில் உடையாமல் ஓட வேண்டும். இன்னொரு ரைபிளின் பொய்வாயைக் கூட்டிவைத்து "முழு செட்" என்று விற்பது பழைய தந்திரம். பொய்வாய் இல்லாத போப் ரைபிளை நான் பாதி ரைபிள் என்றே கணக்கிடுவேன்.

இப்போது ஆள். சுட்டவர் பெயரோடு சீரியல் எண்ணோ போப்பின் குழல் எண்ணோ ஒரே தாளில் இருந்தால்தான் அது உரிமைச் சங்கிலியின் கண்ணி. போப் வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதம், எண் குறித்த விற்பனைச் சீட்டு இவையெல்லாம் தங்கம். உயில் பட்டியலில் "ஒரு ரைபிள்" என்று இருந்தால் அந்த வீட்டில் ரைபிள் இருந்தது என்று மட்டும் தெரியும். போட்டி முடிவுகளும் ஊர் முகவரிக் கையேடுகளும் ஆள் அங்கே வாழ்ந்தார், சுட்டார் என்று காட்டும். எந்த ரைபிளால் என்று காட்டாது. புகைப்படம் இருந்தால் கட்டையின் மர வரிகளை ஒப்பிடுங்கள். வரிகள் கைரேகை மாதிரி, இரண்டு கட்டைக்கு ஒன்றாக அமையாது. பேரன் எழுதித்தரும் உறுதிமொழியை வாங்கி வையுங்கள், ஆனால் அதில் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஆண்டும் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் 1898 முடிய உருவானவை தொன்மைத் துப்பாக்கிகள். 1885 மாடலோ 1920 வாக்கு வரை வந்தது. அச்சில் உலவும் எண்-ஆண்டுப் பட்டியல்கள் தொழிற்சாலைப் பதிவோடு முரண்படுவதால், எல்லையோர எண்ணுக்குக் கோடி அருங்காட்சியகத்திலிருந்தே எழுதி வாங்குங்கள்.

வாங்கிய பிறகு காகிதங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். அமிலமற்ற உறையில், ரைபிள் பெட்டிக்கு வெளியே வையுங்கள். துப்பாக்கி எண்ணெய் காகிதத்தில் ஊறினால் காகிதம் கெட்டுவிடும். பெட்டிக்குள் ஒரு நகல் போதும்.