ரூட் பயனராக ஒரு சாளரத்தைத் திறந்த அனுபவம்

புத்தக வடிவமைப்பு வேலைக்காக வருடி எடுத்த பக்கங்களைச் சேர்த்து வைக்க என் மேசைக் கணினியில் இரண்டாவது வன்தட்டு ஒன்றைப் பொருத்தினேன். 2019 ஜூலையில் வெளியான டெபியன் 10 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு அதற்குச் சில நாட்கள் முன்புதான் மாறியிருந்தேன். பணிமேடை, பழையபடியே எக்ஸ்எஃப்சிஇ. செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, புதிய வட்டில் ஒரு பகிர்வை (தனிப் பகுதியை) உருவாக்கி எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் வடிவூட்டுவது. மற்றொன்று, கணினி தொடங்கும்போதே அந்தப் பகிர்வு தானாக ஏற்றப்படும்படி, ஈடிசி கோப்பகத்தில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி சேர்ப்பது. அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்த அந்த வேலை நான்கு நாட்களை எடுத்துக்கொண்டது.

முதல் வேலையில் சிக்கல் இல்லை. பட்டியலில், வட்டுகளைப் பிரிக்கும் ஜிபார்ட்டட் நிரலைச் சொடுக்கியதும் கடவுச்சொல் கேட்கும் சிறு சாளரம் வந்தது, முழு அதிகாரம் கொண்ட நிர்வாகக் கணக்கான ரூட்டின் கடவுச்சொல்லைக் கொடுத்ததும் நிரல் திறந்தது, சில நிமிடங்களில் பகிர்வு தயாராகிவிட்டது. இரண்டாவது வேலைக்கு ஜீனி என்னும் எழுத்துத் திருத்தியைப் பயன்படுத்த நினைத்தேன், ஏனென்றால் நாள் முழுவதும் நான் பயன்படுத்துவது அதுதான். எஃப்எஸ்டேப் ரூட்டுக்குச் சொந்தமான கோப்பு என்பதால், ஜீனியை ரூட்டாகத் திறக்க வேண்டும். பழைய டெபியனில் இதற்கு ஜிகேசூ என்று ஒரு கட்டளை இருந்தது. நிரலின் பெயரை அதன் பின்னால் தட்டினால் போதும். 2018இல் அது டெபியனிலிருந்தும் உபுண்டுவிலிருந்தும் நீக்கப்பட்டதை நான் அறிந்திருக்கவில்லை. கட்டளைகளைத் தட்டும் முனையத்தில் அதைத் தட்டியபோது அப்படி ஒரு கட்டளையே இல்லை என்ற பதில் வந்தது.

ஜிபார்ட்டட் எந்த வழியில் திறந்ததோ அதே வழியில் ஜீனியும் திறக்கும் என்று எண்ணி, கடவுச்சொல் கேட்டு ஒரு நிரலை ரூட்டாகத் திறக்கும் பிகேஎக்ஸெக் கட்டளையுடன் ஜீனியை அழைத்தேன். கடவுச்சொல் சாளரம் வந்தது, கடவுச்சொல் ஏற்கவும்பட்டது, ஆனால் 'கேனாட் ஓப்பன் டிஸ்ப்ளே' என்று ஒரு வரியை எழுதிவிட்டு நிரல் நின்றுவிட்டது. சூ கட்டளையை இடைக்கோட்டுடன் கொடுத்து ரூட்டாக நுழைந்து, அங்கிருந்து ஜீனியைத் தட்டினேன்; அதே வரிதான். அந்த ரூட் முனையத்தில் டிஸ்ப்ளே என்ற சூழல் மாறி (நிரல்களுக்குத் தகவல் தரும், பெயரிட்ட மதிப்பு) காலியாக இருந்ததைக் கண்டு, முக்காற்புள்ளி சுழியம் என்ற மதிப்பை அதற்குக் கொடுத்து மறுபடி முயன்றேன். இம்முறை அந்த வரிக்கு முன்னால் 'நோ புரோட்டோகால் ஸ்பெசிஃபைடு' என்ற புதிய வரி ஒன்று சேர்ந்து வந்தது. கணினியில் எதையும் செய்ய வல்லது என்று சொல்லப்படும் ரூட் கணக்கு, என் கண் முன்னால் இருக்கும் திரையில் ஒரு சாளரத்தைக்கூடத் திறக்க முடியாமல் நின்றது எனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

அந்த இரண்டு பிழைச் செய்திகளும் இரண்டு வெவ்வேறு தடைகளைச் சொல்கின்றன என்பதை அன்றே கவனித்திருந்தால் மூன்று நாட்கள் மிஞ்சியிருக்கும். டிஸ்ப்ளே மாறி காலியாக இருந்தபோது, எந்தத் திரையை அணுகுவது என்பதே நிரலுக்குத் தெரியவில்லை. மாறியை நிரப்பிய பின் நிரல் திரையின் வாசல்வரை போய்விட்டது, ஆனால் உள்ளே விடப்படவில்லை. நான் இதைப் பிரித்துப் பார்க்காமல் இணையத்தில் தேடி, பலரும் சொல்லியிருந்த ஒற்றைவரித் தீர்வை எடுத்துக்கொண்டேன். என் சொந்தக் கணக்கின் முனையத்தில், திரையை யார் அணுகலாம் என்பதைத் தீர்மானிக்கும் எக்ஸ்ஹோஸ்ட் கட்டளையை ஒரு கூட்டல் குறியுடன் தட்டினேன். ஜீனி உடனே ரூட்டாகத் திறந்தது. வட்டை அடையாளம் காட்டும் யூயூஐடி எண்ணை எஃப்எஸ்டேப்பில் சேர்த்துச் சேமித்தேன். மவுண்ட் கட்டளை வட்டைப் பிழையின்றி ஏற்றியது.

வழங்கிகளைப் பராமரிக்கும் அண்ணன் ஒருவர் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கம். மகிழ்ச்சியாக அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் வட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"தம்பி, அந்தக் கூட்டல் குறியைப் போட்டுவிட்டு மறுபடி கழித்தல் குறி போட்டாயா?"

"இல்லை அண்ணா. மூட வேண்டுமா?"

"மூடுவதற்கு முன்னால் ஒன்றைச் செய்து பார். வீட்டில் வேறு யாருக்காவது அந்தக் கணினியில் கணக்கு இருக்கிறதா?"

என் தங்கைக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் சொன்னபடி கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 விசைகளை அழுத்தி, கரும்பின்னணியில் எழுத்துகள் மட்டுமே உள்ள முனையத்துக்குப் போய், அந்தக் கணக்கில் அவளை நுழையச் சொன்னேன். டிஸ்ப்ளே மாறியில் என் திரையைக் குறித்துவிட்டு, எக்ஸ்இன்புட் கட்டளையால் என் விசைப்பலகையின் எண்ணைக் கண்டுபிடித்து, அதன் சோதனை முறையைத் தொடங்கி, வெளியீடு ஒரு கோப்பில் சேரும்படி விட்டோம். பிறகு என் பணிமேடைக்குத் திரும்பி, ஒரு வெற்று ஆவணத்தில் தமிழ்99 முறையில் 'அ' என்று ஒரே ஓர் எழுத்தைத் தட்டினேன். தங்கையின் கோப்பைத் திறந்து பார்த்தபோது, 38 என்ற எண்ணுடைய விசை அழுத்தப்பட்டதாக ஒரு வரியும், விடுவிக்கப்பட்டதாக மற்றொரு வரியும் இருந்தன. என் கணக்கின் கடவுச்சொல் எதுவும் தெரியாத இன்னொரு கணக்கு, நான் தட்டும் ஒவ்வொரு விசையையும் வரிசையாகக் குறித்துக்கொண்டிருந்தது. நான் ரூட் கடவுச்சொல்லைத் தட்டியிருந்தால் அதுவும் அதே வரிசையில் பதிவாகியிருக்கும். உடனே கழித்தல் குறியுடன் எக்ஸ்ஹோஸ்ட்டைத் தட்டி வாசலை மூடினேன். அந்த ஒற்றைவரித் தீர்வை இன்றும் எச்சரிக்கையின்றிப் பரிந்துரைப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அது வேலை செய்கிறது என்பது உண்மை, என்ன விலைக்கு என்பதைச் சொல்லாமல் விடுகிறார்கள்.

அண்ணன் அன்று மாலை விளக்கியதுதான் இந்தச் சிக்கலின் அடிப்படை. எக்ஸ் சாளர முறைமை 1984இல் எம்ஐடியில் உருவானது. அதில் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை வைத்திருப்பது எக்ஸ் வழங்கி என்னும் தனி நிரல். மற்ற நிரல்கள் எல்லாம் அதனிடம் வந்து சாளரம் கேட்கும் வாடிக்கையாளர்கள். கோப்பைத் திறக்கும்போது லினக்ஸ் கருவகம் 'நீ யார்' என்று பார்க்கிறது, ரூட் என்றால் வழிவிடுகிறது. எக்ஸ் வழங்கியோ பெரும்பாலும் 'உன்னிடம் குக்கீ இருக்கிறதா' என்றுதான் பார்க்கிறது. நாம் பணிமேடையில் நுழையும்போது உருவாக்கப்படும் 128 பிட் இரகசியம் அது. நம் முகப்புக் கோப்பகத்தில் எக்ஸ்அத்தாரிட்டி என்ற மறைகோப்பில், நாம் மட்டுமே படிக்கக்கூடிய அனுமதியுடன் இருக்கும். எக்ஸ்ஆத் கட்டளையால் பார்த்தால் 32 பதினறும இலக்கங்களாகத் தெரியும். சூ கட்டளையை இடைக்கோட்டுடன் கொடுத்து நுழைந்த என் ரூட் முனையம், அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற தகவல் இல்லாமல், கையில் குக்கீ இன்றி வாசலில் நின்றிருக்கிறது. ஆக, கோப்புக்கான அனுமதி வேறு, திரைக்கான அனுமதி வேறு; ரூட்டுக்கு முதலாவது பிறவியிலேயே உண்டு, இரண்டாவதை யாராவது கொடுக்க வேண்டும்.

அப்படியானால் ஜிபார்ட்டட் மட்டும் எப்படித் திறந்தது? பிகேஎக்ஸெக், தான் அழைக்கும் நிரலுக்கு டிஸ்ப்ளே, எக்ஸ்அத்தாரிட்டி ஆகிய மாறிகளை வேண்டுமென்றே கடத்துவதில்லை. அனுமதிகளை நிர்வகிக்கும் போல்கிட்டுக்காக ஒரு நிரலுடன் வரும் கொள்கைக் கோப்பில், 'அலவ் ஜியுஐ' என்ற குறிப்புக்கு ஏதேனும் ஒரு மதிப்பு இருந்தால் மட்டுமே அவற்றைக் கடத்தும். ஜிபார்ட்டட்டுக்கு அத்தகைய கோப்பு உண்டு, ஜீனிக்கு இல்லை. அப்படியொரு கோப்பை எழுதி வைத்துக்கொள்ள முடியும். பலர் எழுதியும் இருக்கிறார்கள். நான் எழுதவில்லை.

மறுநாள் எஃப்எஸ்டேப் வரியில் நோஃபெயில் என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால், அந்த வட்டைக் கழற்றிய நாளில் கணினி பணிமேடைவரை வராமல் அவசரகால முனையத்தில் நின்றுவிடும். இம்முறை குக்கீயைக் கொண்டே முறையாகச் செய்ய நினைத்து, இரண்டு யோசனைகளை ஒன்றாகக் கலந்துவிட்டேன். ரூட் முனையத்தில் எக்ஸ்அத்தாரிட்டி மாறியில் என் மறைகோப்பின் பாதையைக் கொடுத்தேன். ரூட்டால் அதைப் படிக்க முடியும் என்பதால் உண்மையில் அது மட்டுமே போதும். அது தெரியாமல், இன்னொரு யோசனையின்படி எக்ஸ்ஆத் கட்டளையால் குக்கீயைச் சேர்க்கவும் செய்தேன். எக்ஸ்ஆத் ஒரு கோப்பில் எழுதும்போது பழையதை நீக்கிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. எழுதியவர் ரூட் என்பதால், என் முகப்பில் இருந்த மறைகோப்பு ரூட்டின் உடைமையாகிவிட்டது. அன்று எந்த மாற்றமும் தெரியவில்லை. ஜீனி திறந்தது, சொல்லைச் சேர்த்தேன், கணினியை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் நுழைவுத் திரையில் கடவுச்சொல்லைக் கொடுத்தேன். திரை ஒரு கணம் இருண்டு, மீண்டும் அதே நுழைவுத் திரை வந்தது. கடவுச்சொல் தவறு என்ற செய்தியும் இல்லை. பத்து முறைக்கு மேல் முயன்றிருப்பேன். அன்று ஒரு நூலின் இறுதி மெய்ப்பு அனுப்ப வேண்டிய நாள் என்பதால், எல்லாவற்றையும் இழந்துவிட்டோமோ என்ற பயம் வயிற்றைப் பிசைந்தது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 நினைவுக்கு வந்தது. எழுத்து முனையம் அதே கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்டது. மறைகோப்புகளையும் சேர்த்துப் பட்டியலிட்டபோது, உடைமையாளராக என் பெயர் உள்ள வரிகளுக்கு நடுவே எக்ஸ்அத்தாரிட்டி கோப்பின் முன்னால் மட்டும் 'ரூட் ரூட்' என்று இருந்தது. நுழைவு மேலாளர் என் சார்பில் புதிய குக்கீயை அந்தக் கோப்பில் எழுத முயன்று, முடியாமல் என்னைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. கோப்பு ரூட்டுடையதானாலும் கோப்பகம் என்னுடையது. ஒரு கோப்பின் பெயரை மாற்றவோ நீக்கவோ கோப்பகத்தில் எழுதும் உரிமைதான் வேண்டும். ரூட்டின் உதவியே இல்லாமல் அதன் பெயரை மாற்றிவிட்டு நுழைந்தேன். பணிமேடை வந்தது, என் பெயரில் புதிய மறைகோப்பும் உருவாகியிருந்தது.

ரூட்டுக்குத் திரையைக் கொடுக்க அதன் பிறகு நான் பயன்படுத்துவது ஒரே வழிதான். எக்ஸ்ஹோஸ்ட், ஓர் இடைவெளி, கூட்டல் குறி, எஸ்ஐ, முக்காற்புள்ளி, லோக்கல்யூசர், முக்காற்புள்ளி, ரூட். இதே கணினியில் உள்ள ரூட் பயனருக்கு மட்டும், வேறு எவருக்கும் இல்லை என்பது இதன் பொருள். குக்கீயைத் தொட வேண்டியதில்லை, எந்தக் கோப்பின் உடைமையும் மாறுவதில்லை.

ஆனால் ஓர் எழுத்துத் திருத்தியை ரூட்டாகத் திறப்பதே தேவைதானா என்ற கேள்வி அப்போதுதான் எழுந்தது. எனக்கு வேண்டியிருந்தது ரூட்டுக்குச் சொந்தமான ஒரு கோப்பில் ஒரு சொல்லைச் சேர்ப்பது. அதற்காகச் சாளரம் வரைவது, எழுத்துரு தேடுவது, செருகுநிரல்களை ஏற்றுவது என ஜீனி செய்யும் அத்தனை வேலைகளுக்கும் ரூட் அதிகாரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கேடிஇ பணிமேடையின் கேட் திருத்தி, தன்னை ரூட்டாகத் திறக்க மறுத்து, சூடோஎடிட் கட்டளையைப் பயன்படுத்தும்படி ஒரு காலத்தில் செய்தி காட்டியதும் இதனால்தான். சூடோஎடிட், கோப்பின் படியொன்றைத் தற்காலிக இடத்தில் என் பெயரில் வைத்து, என் திருத்தியை என் உரிமையிலேயே திறக்கிறது. நான் மூடிய பின், மாற்றத்தை மட்டும் ரூட்டாக மூலக் கோப்பில் எழுதுகிறது. திரை என்னுடையது, திருத்தி என்னுடையது, குக்கீப் பேச்சுக்கே இடமில்லை.

இதில் ஒரு தடங்கல் வந்தது. என் கணக்கை, ரூட் அதிகாரத்தில் கட்டளைகளை இயக்க அனுமதிக்கும் சூடோ குழுவில் சேர்த்து, வெளியேறி நுழைந்து, சூடோ_எடிட்டர் மாறியில் ஜீனியைக் கொடுத்துவிட்டு எஃப்எஸ்டேப்பைத் திறந்தேன். கோப்பு திறந்தது, ஆனால் முனையம் அடுத்த நொடியே கோப்பில் மாற்றம் எதுவும் இல்லை என்று அறிவித்துவிட்டது. ஏற்கெனவே திறந்திருந்த ஜீனி சாளரத்திடம் கோப்பை ஒப்படைத்துவிட்டுப் புதிய ஜீனி உடனே முடிந்துவிடுகிறது; வேலை முடிந்தது என்று சூடோஎடிட் எண்ணிவிடுகிறது. ஜீனியின் பெயருக்குப் பின்னால் இடைக்கோடும் சின்ன ஐ எழுத்தும் சேர்த்துக் கொடுத்தால் அது தனியாகத் திறந்து, நாம் மூடும்வரை காத்திருக்கும். அதன் பிறகு ஒருமுறைகூடச் சிக்கல் வரவில்லை.

2022 ஜனவரியில் பிகேஎக்ஸெக்கிலேயே ஒரு பெரிய ஓட்டை வெளிவந்தது. எந்தச் சாதாரணப் பயனரும் அதன் வழியாக ரூட் ஆகிவிடலாம். 2009 முதல், அதாவது அந்தக் கட்டளையின் முதல் பதிப்பிலிருந்தே, அது அங்கே இருந்திருக்கிறது. காவலுக்கென்றே எழுதப்பட்ட ஒரு சிறிய நிரலிலேயே பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பிழை ஒளிந்திருக்க முடியும் என்றால், அதைவிடப் பல மடங்கு பெரிதான ஒரு வரைகலை நிரலை ரூட்டாக ஓட்ட எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

இப்போது டெபியன் 12இல், க்னோம் பணிமேடையில், எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலேண்ட் முறையில் வேலை செய்கிறேன். அதில் ஒரு நிரல் மற்றொன்றின் விசைகளைப் படிக்க முடியாதபடி வடிவமைத்திருக்கிறார்கள் என்பது, தங்கையின் கோப்பில் 38 என்ற எண்ணைப் பார்த்த எனக்குப் பெரிய ஆறுதல். பழைய எக்ஸ் நிரல்கள், வேலேண்டுக்குள் இயங்கும் எக்ஸ் வழங்கியான எக்ஸ்வேலேண்ட் வழியாகத் திறப்பதால், ரூட்டுக்கு அங்கேயும் தனி அனுமதி வேண்டும். ஜிபார்ட்டட்டைத் தொடங்கும் சிறு நிரல், நான் கையால் தட்டும் அதே எக்ஸ்ஹோஸ்ட் வரியைத் தானே இயக்கி, மூடும்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறது. வட்டுகளைப் பகிர்வுகளாகப் பிரிக்கும் நாளில் அந்த ஒரு நிரலை மட்டும் ரூட்டாகத் திறக்கிறேன். முடிந்ததும் எக்ஸ்ஹோஸ்ட் என்று மட்டும் தட்டி, பட்டியலில் என் பெயர் தவிர வேறு பெயர் இல்லை என்பதைப் பார்த்த பிறகே முனையத்தை மூடுகிறேன்.