டெஃப்நேம் வேறு, லேபிள் வேறு

நாங்கள் உருவாக்கும் கணினி விளையாட்டில் வாள், வில், ஈட்டி என்று ஆயுதங்கள் பெருகியதும் எல்லாவற்றின் விவரங்களையும் எக்ஸ்எம்எல் (தரவை டேக் எனும் குறிச்சொற்களுக்குள் எழுதும் வடிவம்) கோப்புகளுக்கு மாற்றினேன். அவற்றை எப்படி அமைப்பது என்பதற்கு ரிம்வேர்ல்டு என்ற கணினி விளையாட்டைத்தான் பார்த்தேன். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் டெஃப்நேம் என்று ஒரு நிலையான அடையாளம் உண்டு. திரையில் தெரியும் பெயர் லேபிள் என்ற தனி டேகில் இருக்கும். இந்தப் பிரிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாளைக்கு 'நீள்வாள்' என்பதைப் 'பட்டாக்கத்தி' ஆக்கினாலும், டெஃப்நேம் மாறாததால், ஆட்டத்தைச் சேமித்த பழைய சேவ் கோப்புகள் உடையாது. மொழிபெயர்ப்பவருக்கும் வேலை எளிது.

அப்புறம் பேரன்ட்நேம்: ஒரு பொருளின் வரையறை, அதாவது டெஃப், எந்த டெஃபிலிருந்து பண்புகளைப் பெறுகிறது என்று இது சொல்லும். வாள்களுக்குப் பொதுவான ஒலி, எடை எல்லாவற்றையும் ஒரு அப்ஸ்ட்ராக்ட் டெஃபில் (தானே ஒரு பொருளாகாமல், மற்றவைக்கு அடிப்படையாக மட்டும் இருப்பது) எழுதிவிட்டால், ஒவ்வொரு வாளும் தான் வேறுபடுவதை மட்டும் சொன்னால் போதும். ஆனால் இது இரண்டு தலைமுறைக்கு மேல் போகக் கூடாது என்பேன். போனால், ஒரு டேமேஜ் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று தேடியே பொழுது கழியும்.

ஒரு விவரத்தை டேகுக்குள்ளேயே பெயரும் மதிப்புமாக எழுதும் அட்ரிப்யூட்டா, தனி டேகாக எழுதும் எலிமென்ட்டா? ஒன்றுக்கு மேல் வரக்கூடியது என்றால் எலிமென்ட்தான். ஒரே டேகில் ஒரே பெயரில் இரண்டு அட்ரிப்யூட்டை எக்ஸ்எம்எல் அனுமதிக்காது. "தீ,பனி,விஷம்" என்று காற்புள்ளி போட்டு அடைக்காமல், ஒவ்வொன்றையும் தனி எலிமென்ட்டாக எழுதுங்கள். கூடவே ஓர் எக்ஸ்எஸ்டி (கோப்பில் எங்கே என்ன வரலாம் என்று சொல்லும் விதிக் கோப்பு) எழுதி வையுங்கள். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால், விளையாட்டை ஓட்டும் முன்பே அது பிடித்துக் கொடுத்துவிடும்.