போட்டோவுக்கும் டிஸ்க்குக்கும் ஒரே பிரிண்டர்: தேடியதும் அடித்துப் பார்த்ததும்

சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாண விஎச்எஸ் கேசட்டுகளையும், கோயில் திருவிழாக்களில் பதிவான நாகஸ்வரக் கச்சேரி கேசட்டுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, அந்தந்த வீட்டுக்கே டிஸ்க்காகக் கொடுத்து வருகிறேன். பென் டிரைவ் போதாதா என்று கேட்பார்கள். அதில் இருப்பதை அழித்துவிட்டு வேறு எதையாவது ஏற்றிவிடுவார்கள். முகப்பில் மணமக்கள் படமும் வருடமும் அச்சான டிவிடி அப்படியே பீரோவுக்குள் போய் பத்திரமாக இருக்கிறது. கூடவே அந்த வீட்டுப் பழைய போட்டோக்களையும் ஸ்கேன் செய்து, மேக்சி சைஸில் பிரிண்ட் எடுத்துத் தருவேன்.

இதற்கெல்லாம் உழைத்த என் ஆறு கலர் பிரிண்டரின் ஹெட்டில் (மையைப் பேப்பரில் தெளிக்கும் பகுதி) லைட் மெஜந்தா என்ற வெளிர் சிவப்பு மை முழுதாக அடைத்துக்கொண்டது. முகங்களெல்லாம் பச்சை பூத்து வந்தன. ஹெட் மாற்றச் சொன்ன செலவுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதே வாங்கலாம் என்று தோன்றியதால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பினேன்.

டிஸ்க் ட்ரே, அதாவது டிஸ்க்கை வைத்து அதன் முகப்பில் நேரடியாக அச்சடிக்க உதவும் தட்டு வேண்டும் என்று சொன்ன உடனே கடையில் இருக்கும் பெரும்பாலான பிரிண்டர்கள் கணக்கிலிருந்து போய்விடுகின்றன. கேனான் ஜி570 எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வழக்கமான நான்கோடு சிவப்பும் சாம்பலும் சேர்ந்து ஆறு மை டாங்க். கருப்பு வெள்ளைப் படங்களுக்கு அந்தச் சாம்பல் மை பெரிய பலம். ஆனால் டிஸ்க் அடிக்காது. எப்சனில் எல்8050, அதையே ஏ3பிளஸ் (ஏ3-ஐ விடச் சற்றுப் பெரிய பேப்பர்) அளவுக்குப் பெரிதாக்கிய எல்18050, ஸ்கேனரோடு வரும் எல்8160, எல்8180 ஆகியவை டிஸ்க் அடிக்கும்.

டிஸ்க் வாங்குவோரே குறைந்துபோன காலத்தில் இந்த ட்ரே எப்படிப் பிழைத்தது என்று யோசித்தேன். பிரவுசிங் சென்டர்களைப் பார்த்தால் புரிகிறது. ஆதார் அட்டை, பள்ளி ஐடி கார்டு என்று பிவிசி பிளாஸ்டிக் கார்டில் அடித்துத் தருவதும் இதே மாதிரி ட்ரேயில்தான். எல்800, எல்805 காலத்திலேயே டிஸ்க் ட்ரே போகும் வழியில் நுழைகிற கார்டு ட்ரேக்களைத் தனியாக விற்றார்கள். எல்8050-இல் கார்டு அடிக்கும் வசதியைக் கம்பெனியே கொடுத்துவிட்டது. கார்டு அடிக்கிறவர்கள் புண்ணியத்தில் நமக்கும் டிஸ்க் வழி மூடாமல் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

கடைசியில் போட்டி எல்8050-க்கும் எல்8160-க்கும்தான். எல்8160-இல் சாம்பல் மை உண்டு, எழுத்துக்கென்று தனி பிக்மென்ட் கருப்பு (நுண்துகள் கலந்த மை) உண்டு, கழிவு மை சேரும் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ளலாம். விலைதான் வெகுவாகக் கூடுதல். எல்8050-இல் கருப்பு, சியான், மெஜந்தா, மஞ்சள், லைட் சியான், லைட் மெஜந்தா, ஆறுமே டை மை, அதாவது நிறம் கரைந்திருக்கும் மை. என் வேலையில் முக்கால்வாசி முகங்கள். நெற்றி, கன்னம் மாதிரி வெளிச்சம் படும் இடங்களில் அடர் மைப்புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தால் மணல் தூவியது போலத் தெரியும். லைட் மைகள் அந்த இடத்தை வழவழப்பாக நிரப்பும். ஸ்கேனர் என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் எல்8050 வாங்கினேன்.

முதல் வேலை டிஸ்க். டிஸ்க்கின் விட்டம் 120 மிமீ, நடு ஓட்டை 15 மிமீ. வெள்ளைப் பூச்சு உள்ள பிரிண்டபிள் டிஸ்க் மட்டும்தான் மையை உறிஞ்சும். சாதா வெள்ளி முகத்தில் அடித்தால் மை அப்படியே வழிந்துவிடும். அந்தப் பூச்சும் எல்லா டிஸ்க்கிலும் ஒரே அளவில் இருக்காது. சிலவற்றில் ஓட்டையை ஒட்டி 23 மிமீ விட்டம் வரைக்கும் உள்ளே போகும், சிலவற்றில் 40 மிமீ தாண்டித்தான் தொடங்கும். எனவே ஸ்கேலால் அளந்துவிட்டு, எப்சன் போட்டோ பிளஸ் என்ற மென்பொருளில் உள்வட்டம் வெளிவட்டம் இரண்டையும் பூச்சின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ளடங்கி வைத்தேன். வீணாய்ப்போன பழைய டிஸ்க் ஒன்றில் மெல்லிய வட்டக்கோடு மட்டும் அடித்து, கோடு எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்து நகர்த்தியதில் சரியாக நடுவில் வந்து உட்கார்ந்தது.

முதலில் டிஸ்க்கில் வீடியோவையோ பாட்டையோ ரைட் செய்ய (பதிய) வேண்டும், அப்புறம்தான் முகப்பில் பிரிண்ட். வரிசை மாறினால், அடிக்கும்போது அடிப்பக்கம் ஒட்டும் விரல் ரேகையும் தூசியும் ரைட் ஆகும்போது தொல்லை கொடுக்கும். அடித்ததும் உறைக்குள் போடக் கூடாது. மழைக்காலச் சென்னையில் காற்றே ஈரம், ஒரு முழு நாள் நிழலில் ஆற விடுகிறேன். ஸ்டிக்கர் ஒட்டினால் சுலபம்தானே என்றால், கூடவே கூடாது என்பேன். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் அதிரும். சிடியில் இன்னும் ஆபத்து: அதன் பதிவு அடுக்கு மேல் முகத்துக்குக் கீழே, மெல்லிய லாக்கர் பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. ஸ்டிக்கரை உரித்தால் பாட்டும் சேர்ந்து உரிந்து வரும். டிவிடியில் இரண்டு 0.6 மிமீ தகடுகளுக்கு நடுவில் பதிவு இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

போட்டோவில் அதிகம் பாடம் கற்றுக்கொடுத்தது பேப்பர் செட்டிங். ஒரே க்ளாஸி பேப்பர். டிரைவரில் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) சாதா பேப்பர் என்று இருந்தால் கருப்பு சாம்பலாகி, கலர் செத்துப் போகிறது. பிரீமியம் க்ளாஸி என்று வைத்தால் பட்டுப்புடவையின் அரக்கு நிறம் அப்படியே எழுந்து வருகிறது. கருப்பு வெள்ளைப் படத்தை கிரேஸ்கேல் என்ற கருப்பு வெள்ளை முறையில் அடித்தால் நிறம் நடுநிலையாக இருந்தாலும் புள்ளி தெரிகிறது. கலர் முறையில் அடித்தால் புள்ளி போய், நிழல்களில் லேசான பச்சைச் சாயல் வருகிறது. தாத்தா காலத்துப் படங்களுக்கு நானே மெல்லிய பழுப்புச் சாயல் ஏற்றி, கலர் முறையில் அடிக்கிறேன். அந்தப் பச்சை பழுப்புக்குள் கரைந்துவிடுகிறது, பார்க்கவும் அழகாக இருக்கிறது.

அடைப்பைத் தவிர்ப்பதற்கு வாரம் ஒருமுறை நாஸில் செக் (மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று காட்டும் சோதனை அச்சு) எடுத்து, ஆறு மையும் ஓடும்படி ஒரு சின்னப் படம் அடிக்கிறேன். ஹெட் கிளீனிங்கைத் தேவையில்லாமல் ஓட்டுவதில்லை. அது நல்ல மையைக் கழிவுப் பஞ்சில் கொட்டும் வேலை. சுவர் சுவிட்சில் அணைக்காமல் பிரிண்டர் பட்டனில்தான் அணைக்க வேண்டும். அப்போதுதான் ஹெட் தன் இடத்துக்குப் போய் மூடிக்கொள்ளும், மை காயாது. பிரிண்ட் நடுவில் கரண்ட் போனால் ஹெட் திறந்தபடி வழியிலேயே நின்றுவிடும் என்பதால் யுபிஎஸ்ஸில் இணைத்திருக்கிறேன்.

இப்போது ஒரு சோதனை நடந்துகொண்டிருக்கிறது. கம்பெனி மையில் அடித்த துண்டு ஒன்றும், ஸ்டுடியோ நண்பர் தன் பிரிண்டரில் வெளி மை (வேறு கம்பெனி மை) ஊற்றி அதே பேப்பரில் அடித்துக் கொடுத்த துண்டு ஒன்றும் மேற்கு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருக்கின்றன. இரண்டிலும் பாதியை அட்டையால் மூடியிருக்கிறேன். வெளி மைத் துண்டில் திறந்த பாதியின் மெஜந்தா இப்போதே வெளுக்கத் தொடங்கிவிட்டது. கம்பெனி மையில் என் கண்ணுக்கு இன்னும் வித்தியாசம் தெரியவில்லை. கோடை முடியும் வரை எடுக்கப் போவதில்லை. அதற்குள் மேட் பேப்பருக்கு ஐசிசி புரொஃபைல் (நிறம் சரியாக வர உதவும் அமைப்புக் கோப்பு) ஒன்று தயார் செய்ய வேண்டும், நாகஸ்வரக் கச்சேரி சிடிக்களின் முகப்பும் பாக்கி இருக்கிறது.