அப்பத்தா காலும் பிச்சு எடுத்த பிளாஸ்திரியும்

போன மார்கழில அப்பத்தா எங்க வீட்லதான் இருந்துச்சு, வயசு 83. நடு ராத்திரில வளையல் சத்தம் கேக்கும், எந்திரிச்சுப் போய்ப் பாத்தா கால சொறிஞ்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் லைட்டப் போட்டுப் பாத்தேன். முழங்காலுக்குக் கீழ முன்பக்கம் பூரா வெள்ளையா பூத்துப்போய், தண்ணி வத்துன கண்மாய் பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்குமே, அதே மாதிரி சின்னச் சின்ன வெடிப்பு, இடுக்குல எல்லாம் செவப்பா கோடு. பாத்ததும் எனக்கு வயித்தக் கலக்கிருச்சு.

தண்ணி குடிக்கிறதில்ல அதான் இப்படின்னு வீட்ல எல்லாரும் அதையே திட்டுனோம். பாவம், காரணம் அது இல்ல.

அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சல்னு ஒரு ஆஸ்பத்திரில டிரிப்ஸ் ஏத்துனாங்க. ஊசிய எடுக்கும்போது கைல ஒட்டுன பிளாஸ்திரிய வெடுக்குன்னு பிச்சதுல தோலும் கூடவே உரிஞ்சு வந்துருச்சு, அந்தப் புண்ணு ஆற எவ்வளவு நாளாச்சுங்கிறீங்க. அப்ப எனக்குக் கோவம் மட்டும்தான் வந்துச்சு, தோல் டாக்டர்ட்ட காலக் காட்டப் போனப்பதான் ரெண்டுக்கும் காரணம் வயசாகி பலம் கொறஞ்ச தோல்தான்னு புரிஞ்சது.

நம்ம தோலுக்கு மேலாப்புல தலமுடியவிட மெலிசா ஒரு அடுக்கு இருக்கு. செத்த செல்லெல்லாம் செங்கல் மாதிரி அடுக்கி இருக்கும், நடுவுல பூசுற காரை வந்து செராமைடுங்கிற ஒரு வகைக் கொழுப்பு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூணும் சேந்தது. உள்ள இருக்குற தண்ணி வெளிய போகாம தடுக்குறது இதுதான். வயசாக ஆக இந்தக் காரை ஊறுறது கொறஞ்சுரும், செங்கலுக்குள்ள ஈரத்தப் புடிச்சு வைக்கிற சத்தும் கொறையும், பொம்பளைங்களுக்கு மாதவிடாய் நின்னதுக்கப்புறம் எண்ணெய்ப் பசையும் போயிரும்.

இதுல எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது ஒண்ணு. 1995ல அமெரிக்காவுல 80 வயசு தாண்டுனவங்க தோல்லயும் 20, 30 வயசுக்காரங்க தோல்லயும் டேப்ப ஒட்டி ஒட்டி உரிச்சுப் பாத்திருக்காங்க. சின்ன வயசுக்காரங்களுக்கு தடுப்பு உடைய 31 தடவ கிட்ட உரிக்க வேண்டியிருந்துச்சு, வயசானவங்களுக்கு 18 தடவையே போதும். ஒருநாள் கழிச்சுப் பாத்தா சின்ன வயசுக்காரங்களுக்கு பாதி சரியாயிருச்சு, வயசானவங்களுக்கு வெறும் 15 சதவீதம். ஆனா தொடாம விட்டா வயசான தோல்ல தண்ணி ஒண்ணும் அதிகமா வெளிய போகல! அதாவது அப்பத்தா தோல் சும்மா இருக்கும்போது சமாளிச்சுக்குது, நாம அதச் சேதப்படுத்துனா எந்திரிக்கத்தான் அதால முடியல.

நாங்க தினமும் அந்தச் சேதத்தத்தான் பண்ணிக்கிட்டு இருந்தோம். கொதிக்கக் கொதிக்க வெந்நீர், பீர்க்கங்கூடு, ஒடம்பு பூரா ரெண்டு தடவ சோப்பு. தோலோட பிஹெச் (எவ்வளவு புளிப்புன்னு சொல்ற அளவு, எண் கொறையக் கொறைய புளிப்பு கூடும்) 5 கிட்ட இருக்கணும், காரையத் தயார் பண்ற என்சைம் அந்தப் புளிப்புலதான் வேல செய்யும். நம்ம கட்டி சோப்பு 9, 10 இருக்கும்.

“தேய்ச்சுக் குளிச்சாத்தான் தாயி குளிச்ச மாதிரி இருக்கு”ன்னுச்சு. கெஞ்சிக் கூத்தாடி பீர்க்கங்கூட வாங்கி வச்சேன். வெதுவெதுன்னு தண்ணி, சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதத்துக்கு மட்டும், துண்டால ஒத்தி எடுத்துட்டு ஈரம் காயறதுக்குள்ள வாசலின். யூரியா கிரீம் ஈரத்தப் புடிச்சு வைக்கும், நல்லதுதான், ஆனா வெடிப்புல பட்டா எரியும், அதனால வெடிப்பு மூடுனதுக்கப்புறம்தான் தடவுனோம். துபாய்ல இருந்து சித்தப்பா அனுப்புன ஆலிவ் ஆயில நான் தொடவிடல, அது இந்தத் தடுப்பக் கெடுக்குதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. தேங்காயெண்ணெய் பரவால்ல. எதத் தடவுனாலும் உள்ளங்கால்ல மட்டும் வேணாங்க, டைல்ஸ் தரைல வழுக்கி இடுப்பெலும்பு போச்சுன்னா அது வேற கத.

மூணு வாரத்துல செவப்பு அடங்கிருச்சு, தூக்கமும் வந்துருச்சு. உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு தோல்ல ஒண்ணுமே தெரியாம ஒடம்பு பூரா அரிக்குதுன்னா கிரீம் தடவிட்டு விட்றாதீங்க, கிட்னி, ஈரல், தைராய்டுல கோளாறு இருந்தாலும் அப்படி அரிக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. அப்புறம் பிளாஸ்திரி எடுக்கும்போது பக்கத்துலயே நின்னு, நனச்சு மெதுவா எடுக்கச் சொல்லுங்க, நான் இப்ப அப்படித்தான் நிக்கிறேன்.